டி டிரைவுக்கு மாற்றி வைத்தால் அது பேக்கப் ஆகுமா?

கேள்வி இது: ஒரே ஒரு டிஸ்க் உள்ள லேப்டாப். விண்டோஸ் சி டிரைவில் இருக்கிறது. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, குடும்பப் படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் பேக்கப் எடுத்த மாதிரிதானே? தனியாக வேறு டிஸ்க் எதற்கு?

பேக்கப் எடுத்த மாதிரி ஆகாது. டி-க்கு மாற்றிய பிறகும் அந்தக் கோப்புகள் ஒரே ஒரு பிரதியாகத்தான் இருக்கின்றன. இடம்தான் மாறியிருக்கிறது, அதுவும் அதே டிஸ்க்குக்குள். செய்ய வேண்டிய வரிசையும் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது: முதலில் வேறொரு டிஸ்க்கில் பேக்கப், அதற்குப் பிறகு, உண்மையிலேயே தேவை இருந்தால், பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது. பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டாவது வேலைக்கு அவசியமே இருக்காது.

குழப்பத்துக்குக் காரணம் விண்டோஸ் காட்டும் படம்தான். 'இந்த பிசி' என்று திறந்தால் சி-க்கு ஒரு ஐகான், டி-க்கு ஒரு ஐகான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரம்பல் அளவு. இரண்டு பெட்டிகள் போலத் தெரியும். உள்ளே இருப்பது ஒரே பெட்டிதான். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படும் ஒரு சின்னப் பதிவு. இந்த செக்டாரிலிருந்து (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சின்னக் கட்டம்) இந்த செக்டார் வரை ஒரு பகுதி, அதற்கு அடுத்ததிலிருந்து இன்னொரு பகுதி, அவ்வளவுதான். பழைய எம்பிஆர் முறையில் இந்தப் பதிவு முழுவதும் முதல் செக்டாரின் 512 பைட்டில் வெறும் 64 பைட். ஒரு பகுதிக்கு 16 பைட் வீதம் நான்கு பகுதிகள். இப்போதைய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை அனுமதிக்கிறது, பதிவின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். அந்த நகல் பார்ட்டிஷன் பட்டியலுக்குத்தான், உங்கள் படங்களுக்கு இல்லை.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சி, டி இரண்டுக்கும் மோட்டார் ஒன்று, தலைகளைத் தாங்கும் கை ஒன்று, சர்க்யூட் போர்டு ஒன்று. அதில் எது போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். சுழலும் பாகமே இல்லாமல் ஃப்ளாஷ் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் வேடிக்கை. எழுதுவதால் வரும் தேய்மானத்தைப் பரப்புவதற்காக, அதை இயக்கும் கன்ட்ரோலர் தரவை எல்லா ஃப்ளாஷ் சிப்களிலும் கலந்து எழுதுகிறது. சி-யின் ஒரு துண்டும் டி-யின் ஒரு துண்டும் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம். நீங்கள் போட்ட கோடு கணக்கில் மட்டும்தான். கன்ட்ரோலர் செத்தால் டிஸ்க் மொத்தமும் பயாஸில்கூட (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் நிரல்) தெரியாது.

ஆகவே, கோப்புகள் எப்படியெல்லாம் தொலைகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டி டிரைவ் உதவுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் பழுது: உதவாது. லேப்டாப் திருட்டு, தண்ணீர் கொட்டுவது, கீழே விழுவது: உதவாது. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்): உதவாது, ஏனென்றால் அது திறந்திருக்கும் எல்லா டிரைவ் எழுத்துகளையும் வரிசையாகப் பூட்டும், செருகியே வைத்திருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கும் நெட்வொர்க் ஃபோல்டரும்கூடத் தப்பாது. தவறுதலாக அழிப்பது: உதவாது. அதிலும் எஸ்எஸ்டி என்றால், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த கோப்பின் இடம் டிரிம் கட்டளையால் வெறுமையாக்கப்பட்டுவிடும், மீட்பு மென்பொருளுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. பழைய கோப்பின் மேலேயே புதிதைச் சேமித்துவிடுவது: உதவாது.

உதவும் இடம் ஒன்றே ஒன்று. விண்டோஸ் கெட்டுப்போய், சி-யை ஃபார்மட் செய்து மறுபடி நிறுவும்போது டி அப்படியே இருக்கும். இந்த வழக்கம் வேரூன்றியதே அதனால்தான். ஒரு காலத்தில் விண்டோஸை அடிக்கடி மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. இன்று 'இந்த பிசியை ரீசெட் செய்' என்பதில் 'என் கோப்புகளை வைத்திரு' என்ற தேர்வே இருக்கிறது: நிரல்கள் போகும், பயனர் ஃபோல்டர் இருக்கும். ஃபார்மட் செய்யாமல் அதே பார்ட்டிஷனில் நிறுவினால்கூட பழைய விண்டோஸும் பயனர் ஃபோல்டர்களும் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

அந்த ஒரு நன்மையிலும் ஓர் ஓட்டை உண்டு. "எல்லாம் டி-யில் இருக்கிறது" என்ற நம்பிக்கையில் சி-யை ஃபார்மட் செய்வார்கள். டெஸ்க்டாப் சி-யில் இருந்தது, டவுன்லோட்ஸ் சி-யில் இருந்தது என்பது அப்புறம்தான் உறைக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள், தண்டர்பேர்டில் சேர்ந்த பல வருட மின்னஞ்சல், சில விளையாட்டுகளின் சேவ் கோப்புகள் எல்லாம் பயனர் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் இருப்பவை. அந்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது.

பிரிப்பதால் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். 256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டும். அதை 100-க்கும் 138-க்கும் பிரித்தால், அப்டேட்டுகளும் நிரல்களும் சேர்ந்து சி சீக்கிரமே நிரம்பிச் சிவப்பாகும். டி-யில் 70 ஜிபி சும்மா கிடக்கும். அப்போது சி-யைப் பெரிதாக்கலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கும். ஒதுக்கப்படாத இடம் சி-க்கு வலப்பக்கத்தில், ஒட்டியபடி இருந்தால்தான் அது வேலை செய்யும். டி-யைச் சுருக்கினால் காலியிடம் டி-க்கு அந்தப் பக்கம் போய் விழும். நடுவில் டி நிற்கிறது, சில கணினிகளில் ரிக்கவரி பார்ட்டிஷனும் நிற்கிறது. டி-யின் தொடக்கத்தையே நகர்த்தினால்தான் வழி பிறக்கும். அதற்கு அதிலுள்ள தரவு முழுவதையும் செக்டார் செக்டாராகத் தள்ளி எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். 512 ஜிபிக்குக் குறைவான டிஸ்க்கைப் பிரிக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஃபோல்டர்கள் போதும்.

பார்ட்டிஷனுக்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வேண்டுமென்றால் பிரித்தே ஆக வேண்டும். லினக்ஸில் பயனர் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாக வைத்தால் வேறு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸின் வேறு வகைக்கு) மாறும்போது வசதி. சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ் உள்ள டிரைவின் முழு நகல்) எடுப்பவர்களுக்கு சி சிறியதாக இருந்தால் இமேஜும் சிறியதாகும். மேக்கில் 2017 முதல் வந்த ஏபிஎஃப்எஸ் முறையில் வால்யூம்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், முன்கூட்டி அளவு பிரிக்கும் பிரச்சினையே பெரும்பாலும் இல்லை.

இனி பேக்கப்.

முதலில் அளவு பாருங்கள். பயனர் ஃபோல்டரின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். 200 ஜிபி வந்தால் குறைந்தது 500 ஜிபி, முடிந்தால் 1 டிபி வெளி டிஸ்க் தேவை. பழைய பதிப்புகளுக்கும் இடம் வேண்டுமல்லவா. வேகம் இதில் முக்கியமில்லை என்பதால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே போதும். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் மின்சாரமில்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அவற்றிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், நீண்டகாலக் கிடப்புக்கு அவை ஏற்றவை அல்ல. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் ஃபார்மட். மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது; பெரிய வீடியோ வரும் இடத்தில் நகலெடுப்பு நின்றுவிடும்.

விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி பலருக்குப் போதும். வெளி டிஸ்க்கைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டிரைவைத் தேர்ந்து, 'டர்ன் ஆன்' அழுத்த வேண்டும். டிஸ்க் செருகியிருக்கும் வரை மணிக்கு ஒரு முறை மாறிய கோப்புகளை எடுத்து வைக்கும். 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே போனால் பதிப்புகளை 'என்றென்றும்' வைத்திருப்பதாக இருக்கும். அப்படியே விட்டால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றுவிடும், பல பேர் அதைக் கவனிப்பதில்லை. 'இடம் தேவைப்படும் வரை' என்று மாற்றிவிடுங்கள்.

டி டிரைவ் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். ஃபைல் ஹிஸ்டரி லைப்ரரிகள் (டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர் தொகுப்புகள்), டெஸ்க்டாப், கான்டாக்ட்ஸ், ஃபேவரிட்ஸ் ஆகியவற்றைத்தான் எடுக்கும். டி-யில் நீங்களே உருவாக்கிய 'படங்கள் 2019' என்ற ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் வழியாக ஃபோல்டரைச் சேர்க்க வழி இருந்தது. விண்டோஸ் 11-இல் அந்தப் பக்கம் இல்லை. ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, கூடுதல் தேர்வுகளில் உள்ள 'இன்க்ளூட் இன் லைப்ரரி' மூலம் ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்த்தால்தான் பேக்கப்பில் வரும். டி-க்கு மாற்றியதாலேயே பேக்கப்பிலிருந்து தப்பிப்போன கோப்புகள் என்பது விளையாட்டான விஷயமில்லை.

மேக் என்றால் டைம் மெஷின். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளொன்று, அதற்கு முந்தையதற்கு வாரமொன்று என வைத்துக்கொண்டு, நிரம்பினால் பழையதைத் தானே அழிக்கும். அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

கட்டளை வரிக்குப் பழகியவர்கள் கோப்புகளை நகலெடுக்க ரோபோகாப்பி, ஆர்சிங்க் பயன்படுத்துவார்கள். நல்ல கருவிகள். ஆனால் ரோபோகாப்பியின் 'மிர்' சுவிட்ச், ஆர்சிங்கின் 'டிலீட்' தேர்வு இரண்டும் கண்ணாடி நகல் எடுப்பவை: மூலத்தில் இல்லாதது இலக்கிலும் இருக்கக் கூடாது என்று அழிக்கும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், பேக்கப்பில் இல்லாத புதிய கோப்புகள் எல்லாம் உங்கள் கணினியிலிருந்தே அழியும். போன வாரம் தவறுதலாக அழித்த ஃபோல்டர் இன்று கண்ணாடி நகலிலிருந்தும் போய்விடும். ரோபோகாப்பியில் 'எல்' சுவிட்ச், ஆர்சிங்கில் 'டிரை ரன்' என்று ஒத்திகை பார்க்கும் வசதி உண்டு. என்ன அழியப்போகிறது என்பதைப் படித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

நேரக் கணக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. 500 ஜிபியை யுஎஸ்பி 2.0 வழியாக விநாடிக்கு 35 எம்பி வீதம் எடுத்தால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். யுஎஸ்பி 3.0 போர்ட்டில் சுழலும் டிஸ்க் 100 எம்பி கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். அதையே விநாடிக்கு 10 மெகாபிட் அப்லோட் உள்ள இணைப்பில் கிளவுடுக்கு ஏற்றினால், நிற்காமல் போனாலும் நான்கரை நாளுக்கு மேல். இவை பெரிய கோப்புகளுக்கான கணக்கு. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். முதல் முறைக்குத்தான் இந்தப் பாடு. அடுத்த முறையிலிருந்து மாறியது மட்டும்தான் போகும்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கை 'இஜெக்ட்' செய்து கழற்றிவிடுங்கள். மணிக்கொரு நகல் கிடைக்காதே என்றால், கிடைக்காதுதான். ஆனால் செருகியே கிடக்கும் டிஸ்க் ரான்சம்வேருக்கும் மின்னழுத்தக் கோளாறுக்கும் லேப்டாப்போடு சேர்ந்தே பலியாகும். வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு செருகுவது நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது, ஒன்றை வேறொரு கட்டிடத்தில் வைக்கலாம். பேக்கப்காரர்கள் 3-2-1 என்று சொல்வது இதைத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சி-யிலிருந்து டி-க்கு எடுத்த நகலை இந்தக் கணக்கில் ஒரு பிரதியாகச் சேர்க்காதீர்கள்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் இருக்கிறதே என்றால், அவை அடிப்படையில் ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் போகும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். 31-ஆம் நாள் ஞாபகம் வந்தால் பயனில்லை. டிஸ்க் பழுதுக்கும் திருட்டுக்கும் அது நல்ல அரண், அதனால் அந்த 'வேறு இடத்துப் பிரதி'யாக அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே பிரதியாக மட்டும் வேண்டாம்.

ஒரு முறையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்று, சமீபத்திய ஆவணம் ஒன்று திறக்கிறதா பாருங்கள். அந்த டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த கீ, லேப்டாப் தொலையும்போது சேர்ந்து தொலையும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் டிஸ்க்கைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், செய்யும் முறை இது. முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளைப் பாருங்கள். சுழலும் டிஸ்க்கில் 'ரீஅலகேட்டட் செக்டார்' (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), 'கரன்ட் பெண்டிங் செக்டார்' (சந்தேகத்தில் இருப்பவை) இரண்டின் மூல மதிப்பும் சுழியமாக இருக்க வேண்டும். பெண்டிங் எண் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் பார்ட்டிஷன் வேலையைத் தொடவே கூடாது. முக்கியமான ஃபோல்டரை முதலில் நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

சார்ஜரைச் செருகுங்கள். பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் ரிக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட். சி-யின் மேல் வலது கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. கேட்கும் அளவு எம்பியில்: 100 ஜிபி வேண்டுமென்றால் 102400. வரும் காலியிடத்தில் வலது கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ், அடையாளம் தெரிய ஒரு பெயர். முடிந்தது. பக்கத்தில் தெரியும் 100 எம்பி இஎஃப்ஐ பகுதியையும் சில நூறு எம்பி ரிக்கவரி பகுதியையும் 'சும்மா கிடக்கிறதே' என்று அழிக்காதீர்கள். முதலாவது போனால் விண்டோஸ் துவங்காது.

300 ஜிபி காலி இருந்தும் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சில நேரம் வரும். பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் கோப்பு, சிஸ்டம் ரிஸ்டோரின் நிழல் நகல்கள் போன்ற நகர்த்த முடியாதவை சி-யின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தாண்டிச் சுருக்காது. ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கியபின் மறுபடி இயக்குங்கள். சிஸ்டம் புரொடெக்ஷனை அணைத்தால் பழைய ரிஸ்டோர் பாயிண்ட்டுகள் போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை டி-க்கு மாற்ற இழுத்துப் போடாதீர்கள். அதன் பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' தாவல், 'மூவ்'. டி-யில் முதலிலேயே 'டாக்குமெண்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதையே காட்டுங்கள். ஃபோல்டர் இல்லாமல் டி டிரைவையே காட்டிவிட்டால் டிரைவ் முழுவதும் டாக்குமெண்ட்ஸ் ஆகிவிடும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மாற்றி முடித்ததும் ஃபைல் ஹிஸ்டரியில் அது இன்னும் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள்.

தப்பு நடந்துவிட்டால், முதல் வேலை கையை எடுப்பது. 'டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்', 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் இரண்டுக்கும் 'கேன்சல்'. பார்ட்டிஷனை மட்டும் தவறாக அழித்திருந்தால் போனது அந்தச் சின்னப் பதிவுதான், தரவு பெரும்பாலும் இடத்திலேயே இருக்கும். அங்கே புதுப் பார்ட்டிஷன் உருவாக்காமல், எதையும் எழுதாமல், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் தேடினால் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுத முடியும். எல்லைகள் கிடைக்காவிட்டால் அதன் கூட்டாளி ஃபோட்டோரெக் கோப்புகளை உள்ளடக்கத்தை வைத்துத் தோண்டி எடுக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் இருக்காது. மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டீர்கள் என்றால் விண்டோஸ் அந்தப் பகுதி முழுவதற்கும் டிரிம் அனுப்பியிருக்கும், அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். சுழலும் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். தலை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கூடுதலாகச் சுரண்டும். அந்த நிலையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கத் தூசியில்லாத அறை உள்ள மீட்புக்கூடத்தால்தான் முடியும்.